அட்டையைப் புதுப்பிப்பது அரசின் வேலை: மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் திட்ட இயக்குநர் அவர்களுக்கும், மக்கள் நல்வாழ்வு, வருவாய், உணவு, மீன்வளத் துறைகளின் உயர் அலுவலர்களுக்கும், இராமநாதபுரம் மாவட்ட நிர்வாகத்துக்கும்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். இந்த மடல் உங்கள் திட்டத்துக்கு எதிரானது அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் இன்றைய பெயரைப் பெற்று, 2018 செப்டம்பரில் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்ற இடத்துக்கு வந்திருக்கிறது இது. ஆட்சிகள் மாறியபோதும் எவரும் இதைத் தூக்கி எறியவில்லை. எங்கள் கடற்கரையில் நெஞ்சைத் திறந்து அறுவை செய்துகொண்டு வந்து இன்றும் வலை பழுது பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன்பென்றால் அவர்கள் வீட்டில் படமாகத் தொங்கியிருப்பார்கள்.

என் குறை வேறு. அந்தக் காப்பீட்டு அட்டையை உயிரோடு வைத்திருக்கும் பொறுப்பை, அதற்குக் கொஞ்சமும் வசதியில்லாத ஆட்களின் தலையில் வைத்திருக்கிறீர்கள். அதை உங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் பாம்பன் பக்கம் சாலையோரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் எழுதித் தருவதும் உண்டு. ஆதார் முன்னும் பின்னும், குடும்ப அட்டை முன்னும் பின்னும், பாஸ்போர்ட் அளவுப் படம், வருமானச் சான்று என்று கடற்கரையின் பாதி வாழ்க்கை என் இயந்திரத்துக்குள் புகுந்துதான் வெளியே வருகிறது. நான் கேட்கிறபடி நீங்கள் நடைமுறையை எளிதாக்கினால் என் வருமானம் குறையும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் நான் சமாளித்துக்கொள்வேன்.

'கார்டைப் புதுப்பிக்க வேண்டும்' என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வருகிறவர்களிடம் என்ன செய்யச் சொன்னார்கள் என்று கேட்டால், பத்தில் ஒருவருக்குக்கூடத் தெரிவதில்லை. ஏனென்றால் அந்த ஒரே வாக்கியத்துக்குள் பல வேலைகள் ஒளிந்திருக்கின்றன. உப்புக் காற்றில் எழுத்தே அழிந்துபோன பழைய அட்டையை ஆதாருடன் இணைப்பது ஒன்று. மருமகள் பெயரையோ பேரக்குழந்தை பெயரையோ சேர்ப்பது இன்னொன்று. குடும்ப அட்டை பிரிந்த பிறகோ, பெயர் ஓர் அட்டையிலிருந்து மற்றோர் அட்டைக்குப் போன பிறகோ பதிவைத் திருத்துவது வேறு. வருமானச் சான்று பழையதாகிவிட்டது, புதிதாகக் கொண்டுவா என்பது வேறு. இவை ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடமும் எடுக்க வேண்டிய காகிதமும் மாறும். கவுண்டரில் இருப்பவர் 'ரினியூவல் பண்ணிட்டு வாங்க' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார். வந்தவர் எல்லாக் காகிதத்தையும் நகலெடுத்துக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு நகல் சேர்த்துக்கொண்டு, பஸ் ஏறுகிறார்.

எங்கே போகும் பஸ்? பதிவு மையம் மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. இராமேஸ்வரத்திலிருந்து அது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். தொண்டி, நம்புதாளைக்காரர்களுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. சாயல்குடிக்கு அப்பால் மூக்கையூர், ரோச்மாநகர் என்று போனால் அந்த ஒரு வேலைக்கு ஒரு பகல் முழுதும் போய்விடும். முகாம்கள் நடத்துகிறீர்கள், மறுக்கவில்லை. ஆனால் முகாம் எப்போது வரும், எங்கே வரும் என்பது தண்டோராப் போட்டதுபோல் எல்லோருக்கும் தெரிவதில்லை. முகாம் முடிந்த மறுநாள்தான் எங்கள் ஆட்கள் கடலிலிருந்து கரைக்கு வருகிறார்கள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று இருக்கிறது. அட்டை செத்துப்போனது எப்போது தெரிகிறது? நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு, மகனோ மனைவியோ ஆஸ்பத்திரிக் கவுண்டரில் எண்ணைச் சொல்லும்போது தெரிகிறது. அதற்கு முன் ஒருநாளும் எவரும் சொல்வதில்லை. தனியார் காப்பீட்டு நிறுவனங்களைப் பாருங்கள். பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்பு, முகவரின் விசாரிப்பு. முடிந்தபிறகும் சலுகை நாட்கள். பிரீமியம் வாங்க வேண்டியிருப்பதால் அவர்கள் நினைவூட்டுகிறார்கள். நம்முடைய திட்டத்தில் பயனாளி காசு கட்ட வேண்டியதில்லை, பிரீமியத்தை அரசே கட்டுகிறது. அதனாலேயே அவருக்கு நினைவூட்ட எவருக்கும் அவசரம் இல்லாமல் போய்விட்டது.

என் கடைக்குப் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரந்தோறும் ரத்தச் சுத்திகரிப்பு. டயாலிசிஸ் என்பது இந்தக் காப்பீட்டில் அடங்கும் சிகிச்சைதான், அதனால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். மூத்த மகனோடு இருந்தவர் இளைய மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். ரேஷனுக்காகப் பெயரையும் அங்கிருந்து எடுத்து இங்கே சேர்த்தார்கள். அதை முறைப்படி விண்ணப்பித்து, முறைப்படி ஒப்புதல் வாங்கித்தான் செய்தார்கள். அதன்பின் ஒருநாள் மருத்துவமனையில், 'உங்கள் பெயர் இந்தக் குடும்பத்தில் காட்டவில்லை' என்றார்கள். டயாலிசிஸைத் தள்ளிப்போட முடியாது. கால் வீங்கி, மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் அம்மாவை வைத்துக்கொண்டு மகன் என்ன செய்வான்? காதில் கிடந்த தோடு அடகுக்குப் போனது. பதிவு சரியாகி வரும்வரை ஒவ்வொரு தடவைக்கும் கைக்காசு.

அந்தக் குடும்பம் எதையும் மறைக்கவில்லை. பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்ததே அரசின் ஒரு துறை. உணவுத் துறைக்குத் தெரிந்த செய்தி காப்பீட்டுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் நடந்தது. இரண்டு துறைகளுக்கும் நடுவில் காகிதம் சுமந்து ஓடும் வேலையை ஒரு நோயாளிக்குக் கொடுத்துவிட்டோம்.

இனி வருமானச் சான்றுக்கு வருகிறேன். அங்கேதான் எனக்குக் கோபம் அதிகம்.

72,000 ரூபாயாக இருந்த ஆண்டு வருமான வரம்பை 1,20,000 ரூபாயாக உயர்த்தினீர்கள். நல்லது. மாதம் 10,000 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் சான்றளிக்க வேண்டும், அல்லது இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், வருவாய் ஆய்வாளரிடம் போய், வட்டாட்சியர் அலுவலகத்தில் கையெழுத்தாகி வரும். சான்றிதழுக்கு ஆயுள் ஓராண்டு.

நாட்டுப்படகில் போகும் மீனவரின் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள். சிரிப்பார். பிடித்த மீனை ஏலம் விட்டு, எண்ணெய்க்கும் ஐஸுக்கும் சாப்பாட்டுக்கும் கழித்து, படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு போக மிச்சத்தை ஆட்கள் பிரித்துக்கொள்வார்கள். கணவாய் மீன் பட்ட நாளில் கை நிறையும். மறுவாரம் எண்ணெய்க் காசே தேறாது. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசினால் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் கொந்தளிக்கும், வாடை வீசினால் பாக் நீரிணைப் பக்கத்து வடகடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவருக்கு அந்த இரண்டு மாதமும் வேலையே இல்லை. மற்ற மாதங்களிலும் வாரத்தில் சில நாள் விசைப்படகு, சில நாள் நாட்டுப்படகு என்று பிரித்துக்கொண்டுதான் தொழில் நடக்கிறது. புயல் எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது. எல்லை தாண்டியதாகப் படகு பிடிபட்டால் அந்த ஆண்டுக் கணக்கே முடிந்தது. இதில் ஆண்டு வருமானம் என்று எதை எழுதுவது?

என்ன எழுதுகிறார்கள் என்று எனக்குத் தெரியும், நகலெடுப்பது நான்தானே. ஒரு தெருவில் இருபது வீடு என்றால் இருபது வீட்டுக்கும் ஒரே தொகை. படகு முதலாளியான சம்மாட்டி வீட்டுக்கும் அதே, அவர் படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டுக்கும் ஏறக்குறைய அதே. கிராம நிர்வாக அலுவலரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு மூன்று கிராமங்களைச் சேர்த்துப் பார்க்கும் ஒருவர் ஒவ்வொரு வீட்டு மீன் கணக்கையும் எப்படி ஆராய்வார்? வரம்புக்குள் வரும் ஒரு தொகையை எழுதிக் கையெழுத்திடுகிறார். எழுதுகிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், கணினியில் ஏற்றுகிறவருக்கும் தெரியும், அது ஒரு சடங்கு என்று. அந்தச் சடங்குக்காக ஒரு கூலியாள் ஒரு நாள் கூலியை விட வேண்டியிருக்கிறது.

கடற்பாசி எடுக்கும் பெண்களின் நிலை இன்னும் விசித்திரம். பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து ஏர்வாடி வரை, மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிக் கழுத்தளவு நீரில் மூழ்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் பறிக்கிறவர்கள். தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதிலிருந்து அவர்கள் தொழிலுக்கு எத்தனை கெடுபிடி என்பது உங்கள் அரசின் வனத்துறைக்கே நன்றாகத் தெரியும். ஆனால் காகிதத்தில் அவர்கள் 'இல்லத்தரசி'. கணவர் இறந்துபோன ஒரு பாசிக்காரப் பெண்ணுக்கு வருமானச் சான்று எழுதும்போது, தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

இத்தனைக்கும் அரசுக்கு இந்தக் குடும்பங்களைத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும் என்கிறேன்.

தடைக்கால நிவாரணம் ஒவ்வோர் ஆண்டும் மீனவக் குடும்பங்களின் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. 5,000 ரூபாயாக இருந்ததை 8,000 ஆக உயர்த்துகிறோம் என்ற அறிவிப்பே 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் வந்தது. அதற்காக மீன்வளத் துறை பட்டியல் எடுக்கிறது, சரிபார்க்கிறது, ஆதாரும் குடும்ப அட்டையும் கணக்கு எண்ணும் வைத்திருக்கிறது. மீனவ மகளிர் சேமிப்புத் திட்டத்துக்கு வேறு பட்டியல், குறைந்த மீன்பிடிக் கால நிவாரணத்துக்கு வேறு பட்டியல். வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் கொடுக்க அவர்களையும் எண்ணி வைத்திருக்கிறீர்கள். மீனவர் நலவாரியம் இருக்கிறது. பனைத் தொழிலாளருக்கும் நலவாரியம் இருக்கிறது. 2009-இல் இந்தக் காப்பீடு பிறந்தபோது நலவாரிய உறுப்பினர் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டுதான் பிறந்தது.

குடும்ப அட்டையையே எடுத்துக்கொள்வோம். 2017 முதல் நம் கையில் இருக்கும் ஸ்மார்ட் அட்டையில் பி.எச்.எச். என்று போட்டிருந்தால் அது முன்னுரிமைக் குடும்பம். அந்தியோதயா என்றால் ஏழைகளிலும் ஏழை. அந்த முத்திரையை இட்டது யார்? அரசு. அப்படியிருக்க, அந்தியோதயா அட்டை வைத்திருக்கும் ஒரு கிழவியிடம் 'உன் வருமானம் 1,20,000-க்குள் இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு வா' என்பது, அரசு தன் கையெழுத்தைத் தானே நம்பாத கதை.

வருமானச் சான்று இல்லாமல் நடத்த முடியாது என்று சொல்லாதீர்கள். நடத்திக் காட்டியிருக்கிறீர்கள். 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்று வரம்பு வைத்தீர்கள். வருமானச் சான்றும் நிலச் சான்றும் வாங்கி அலைய வேண்டாம் என்றும் சொன்னீர்கள். ரேஷன் கடைப் பகுதி வாரியாக முகாம் போட்டு, விண்ணப்பதாரர் சொன்னதை எழுதிக்கொண்டு, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரமா, காரா, வருமான வரியா என்று உங்கள் கையிலிருக்கும் தரவுகளை வைத்தே சரிபார்த்தீர்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு அப்படித்தான் பணம் போனது. மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தன்வாக்குமூலம் போதும், உயிருக்கு ஆபத்தான நேரத்தில் சிகிச்சை கொடுக்க அது போதாதா?

இன்னொன்று. மண்டபம் அகதிகள் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு இந்தக் காப்பீட்டில் வருமான வரம்பே இல்லை. மிகச் சரியான முடிவு. ஒரு கூட்டத்தாரின் நிலைமை வெளிப்படையாகத் தெரியும்போது சான்று கேட்பது வீண் என்று அந்த இடத்தில் உணர்ந்திருக்கிறீர்கள். முகாமின் வேலியைத் தாண்டினால் இருக்கும் வேதாளைக்கும் மரைக்காயர்பட்டினத்துக்கும் அதே உணர்வை நீட்டுங்கள்.

கைரேகை, ஓடிபி என்ற இரண்டு வாசல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாறையைச் சுரண்டிப் பாசி எடுக்கும் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் மூழ்குகிறார்கள். அப்படியும் விரல் தேய்ந்துபோகிறது. இறால் உரிக்கும் பெண்களுக்கும் கருவாடு காயவைக்கும் பெண்களுக்கும் இதே கதை. இயந்திரத்தில் விரலை வைத்தால் அது அவர்களை யார் என்று தெரியாது என்கிறது. துடைத்துவிட்டு வை, எண்ணெய் தடவி வை, மறுபடி வை, நாளை வா. ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றை வீட்டிலிருந்தபடி முகத்தைக் காட்டியே கொடுக்கலாம் என்று 2021-லேயே வசதி செய்தாயிற்று. அரசு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவரின் முகம் செல்லுமென்றால் பாசிக்காரியின் முகமும் செல்லட்டும்.

ஓடிபி விஷயம் இதைவிட மோசம். எண் குடும்பத் தலைவரின் கைபேசிக்குப் போகிறது. அவர் கடலில் இருக்கிறார். சிக்னல் கிடையாது. கரைக்கு வரும்போது எண்ணின் ஆயுள் முடிந்திருக்கும். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் தலைவர் வளைகுடா நாட்டில் இருப்பார், இங்கே கொடுத்த எண்ணை எப்போதோ விட்டிருப்பார். இன்னும் ஒரு வகை உண்டு, வேறெந்த மாவட்டத்து அலுவலருக்கும் இது தோன்றாது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் இராமேஸ்வரத்திலும் பல வீடுகளில் குடும்பத் தலைவர் ஏதாவது ஒரு மாதத்தில் இலங்கைச் சிறையில் இருக்கிறார். கைபேசி படகோடு போய்விட்டது. அவர் விரல் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அந்த நேரம் பார்த்து வீட்டில் குழந்தைக்கு நோய் வரக் கூடாதா? சிறையில் இருக்கும் மீனவரின் குடும்பத்துக்கு நாள் கணக்கிட்டு உதவித்தொகை கொடுக்கும் அரசுதான், அவர் நேரில் வந்து விரல் வைக்க வேண்டும் என்றும் கேட்கிறது. குடும்ப அட்டையில் பெயருள்ள எந்தப் பெரியவரும் எல்லோருக்காகவும் பதிவைப் புதுப்பிக்கலாம் என்று ஒரு வரி எழுதினால் இந்தச் சிக்கல் இன்றே தீரும்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டுமல்ல. அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீடு இருக்கிறது. கொரோனா காலத்தில் எவரையும் நீக்கக் கூடாது என்றிருந்த விதி 2023 மார்ச்சில் முடிந்ததும், மாநிலங்கள் எல்லோரையும் மறுபடி சரிபார்க்கத் தொடங்கின. இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தகுதியிழந்தவர்கள் என்று கண்டறியப்பட்டு நீக்கப்பட்டவர்கள் அல்லர். படிவம் திரும்பி வரவில்லை, கடிதம் பழைய முகவரிக்குப் போனது என்பன போன்ற நடைமுறைக் காரணங்கள். அத்தனைக்கும் அங்கே ஒரு நல்ல விதி இருக்கிறது: அரசு முதலில் தன்னிடமுள்ள தரவுகளைப் பார்த்துத் தானே புதுப்பிக்க முயல வேண்டும், அது முடியாதபோதுதான் ஆளுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றிய மாநிலங்களில் ஆட்கள் குறைவாகவே நீக்கப்பட்டார்கள். கணினி வசதியில் நாம் அவர்களுக்குப் பின்தங்கியவர்கள் அல்லர். ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கினால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வருகிறது.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். 'எளிதாக்கினால் தகுதியில்லாதவர்கள் புகுந்துவிடுவார்கள்.' ஐயா, அவர்கள் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறார்கள். மூன்று மாடி வீட்டுக்காரர் காப்பீட்டு அட்டையை நகலெடுக்க என் கடைக்குக் காரில் வருகிறார். அவருக்கு வருமானச் சான்று வாங்குவது பெரிய வேலையே இல்லை, ஆளை அனுப்பினால் வந்துவிடும். சான்று தடுப்பது அவரை அல்ல. ஒரு நாள் கூலியை விட முடியாதவரை, அலுவலகத்தில் குரல் உயர்த்தத் தெரியாதவரை, எழுதப் படிக்கத் தெரியாதவரைத்தான் அது தடுக்கிறது. தகுதியில்லாதவரைப் பிடிக்க வேண்டுமா, மின் கட்டணமும் வாகனப் பதிவும் வருமான வரியும் உங்கள் கையில் இருக்கின்றன. பிடியுங்கள், நீக்குங்கள். நீக்குவதற்கு முன் ஒரு மாத அவகாசம் கொடுத்து எழுத்தில் காரணம் சொல்லுங்கள். சந்தேகத்தின் பலனைச் சிகிச்சைக்குக் கொடுத்துவிட்டு, விசாரணையைப் பிறகு வையுங்கள்.

இதற்கும் முன்னுதாரணம் உங்களிடமே இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் சிகிச்சை இலவசம். அட்டை இருக்கிறதா என்று கேட்பதில்லை. எந்த மாநிலம், எந்த நாடு என்றுகூடக் கேட்பதில்லை. சாலையில் விழுந்தவருக்குப் பொருந்தும் நியாயம், ஒரு காலத்தில் அட்டை வைத்திருந்து இப்போது பதிவில் மட்டும் சிக்கலாகிப்போன குடும்பத்துக்கும் பொருந்தட்டும். பழைய எண் இருக்கிறது, குடும்ப அட்டை இருக்கிறது என்றால் முப்பது நாளுக்கு அட்டை செல்லும் என்று வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கச் சொல்லுங்கள். அந்த முப்பது நாளில் காகிதத்தைச் சரிசெய்வது மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் திட்டப் பணியாளரின் பொறுப்பாக இருக்கட்டும். டயாலிசிஸ், புற்றுநோய் என்று தொடர்ந்து சிகிச்சையில் இருப்பவர்களின் அட்டையைச் சிகிச்சை முடியும்வரை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தி வைக்கக் கூடாது.

திட்ட விதிப்படி குடும்பம் என்றால் கணவன் மனைவி, அவர்களைச் சார்ந்த பெற்றோர், பிள்ளைகள். பிள்ளைக்குத் திருமணமாகும்வரை, வேலை கிடைக்கும்வரை அல்லது 25 வயது வரை. அப்படியென்றால் ஓர் அட்டையில் உண்மையிலேயே மாற்றம் வரும் சமயங்கள் பிறப்பு, இறப்பு, திருமணம், வேலை, வயது என்று ஒரு கை விரலுக்குள் அடங்கும். அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே அரசின் ஏதோ ஒரு பதிவேட்டில் ஏறிவிடுகின்றன. குழந்தை பிறந்தால் அரசு மருத்துவமனையிலேயே பிறப்புப் பதிவு நடக்கிறது. அப்போதே காப்பீட்டிலும் பெயர் ஏறினால் என்ன? இருதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைக்குக் குடும்ப அட்டையில் பெயர் ஏறும்வரை காத்திருக்க நேரம் இருக்காது.

நினைவூட்டலுக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வந்து ரத்த அழுத்தம் பார்க்கும் பெண்கள் எங்கள் ஊர்களிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆண்டுக்கு ஒருமுறை அந்த வீட்டின் காப்பீட்டுப் பதிவு சரியாக இருக்கிறதா என்று அவர்கள் கைபேசியில் பார்த்துச் சொல்லட்டும். அந்த வேலைக்கு அவர்களுக்குத் தனியாக ஊதியம் கொடுங்கள். ஏற்கெனவே அவர்களுக்குக் கிடைப்பது போதாது, இதை இலவசமாகச் சுமத்தினால் நானே அடுத்த மடலை எழுதுவேன். ரேஷன் கடையில் பொருள் வாங்கும்போது வரும் குறுஞ்செய்தியிலேயே, தமிழில், 'உங்கள் காப்பீடு நடப்பில் உள்ளது, உறுப்பினர்கள் ஐவர்' என்று ஒரு வரி சேர்க்கலாம். ஐவர் என்ற இடத்தில் நால்வர் என்று வந்தால் எங்கள் பெண்கள் அன்றைக்கே கேட்டுவிடுவார்கள்.

முகாமுக்கு உகந்த காலம் தடைக்காலம். அந்த 61 நாளில் விசைப்படகுத் தொழிலாளர்கள் அனைவரும் கரையில் இருப்பார்கள். மீன்வளத் துறை ஆட்கள் நிவாரணப் பட்டியலோடு ஊர் ஊராக வருவார்கள். அதே மேசையில், அதே நாளில், காப்பீட்டுப் பதிவையும் பாருங்கள். மீன் இறங்குதளத்துக்கு வாருங்கள், ஏலக்கூடத்துக்கு வாருங்கள், சர்ச் வாசலுக்கும் பள்ளிவாசல் திண்ணைக்கும் வாருங்கள். ஊர்க் கமிட்டியிடம் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், ஒலிபெருக்கியில் அறிவிப்பது அவர்கள் பாடு.

மறுக்க வேண்டியிருந்தால் எழுதி மறுங்கள். எங்கள் ஆட்கள் திரும்பி வரும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. 'சிஸ்டத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்' என்ற வாய்வார்த்தை மட்டும் இருக்கும். எந்தக் காரணத்தால் இல்லை, எந்தக் காகிதம் வேண்டும், யாரிடம் போக வேண்டும் என்று நாலு வரி தமிழில் அச்சிட்டு, தேதியும் பெயரும் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இருக்கிறது. அங்கே அழைத்துப் பேசவும் அந்தச் சீட்டு வேண்டும், மேல்முறையீடு செய்யவும் வேண்டும். சீட்டு கொடுக்க வேண்டும் என்றாலே பாதி மறுப்புகள் தாமாகக் குறைந்துவிடும் என்பது என் ஊகம்.

ஒரு கேள்விக்கு மட்டும் வெளிப்படையாகப் பதில் சொல்லுங்கள். இந்தத் திட்டத்தில் குடும்பம் ஒன்றுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுகிறது. கவுண்டரில் 'பதிவில் இல்லை' என்று திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களுக்கும் சேர்த்து அந்த ஆண்டு பிரீமியம் கட்டப்பட்டதா? கட்டப்பட்டிருந்தால் எங்கள் வரிப்பணம் எங்களுக்குப் பயன்படாமல் போயிருக்கிறது. கட்டப்படவில்லையென்றால், எங்களைப் பட்டியலிலிருந்து எடுத்ததை எங்களுக்கு ஏன் சொல்லவில்லை? அடுத்த ஒப்பந்தத்தை எழுதும்போது, காலாவதிக்கு முன் பயனாளிக்குத் தெரிவிக்கும் கடமையை நிறுவனத்தின் மீதும் எழுதி வையுங்கள். மாவட்டவாரியாக எத்தனை குடும்பங்கள் நடப்பில் இருக்கின்றன, எத்தனை விடுபட்டன, என்ன காரணத்தால் விடுபட்டன என்று ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.

மாநிலம் முழுதும் ஒரே நாளில் மாற்ற முடியாது என்பது எனக்குப் புரிகிறது. இந்தக் கடற்கரையில் தொடங்குங்கள். பாம்பன் தீவும் மண்டபமும் ஒரு பக்கம், தொண்டி, திருப்பாலைக்குடி வரையிலான வடகடல் ஊர்கள் ஒரு பக்கம். அந்தியோதயா, பி.எச்.எச். அட்டைக்காரர்களுக்கும் தடைக்கால நிவாரணப் பட்டியலில் உள்ளவர்களுக்கும் வருமானச் சான்று இனி தேவையில்லை என்று ஒரு சுற்றறிக்கை போதும். அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. வரும் ஏப்ரல் 15-க்கு முன் அது வந்துவிட்டால், நிவாரணப் பட்டியல் எடுக்கும்போதே இந்த வேலையும் முடிந்துவிடும். சுற்றறிக்கையை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் ரேஷன் கடைகளுக்கும் அனுப்பும்போது, கவுண்டரில் உட்காரும் பணியாளர்களுக்கும் மறக்காமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பாம்பன் பகுதி ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்